வாசகர் கேள்வி: கொடுத்த பிறகு என்ன நடந்தது?

ஊரில் நடக்கிற அபிவிருத்தி வேலை, தொண்டு நிறுவனங்கள், அவற்றைப் பற்றி வருகிற செய்திகள் குறித்துக் கேள்வி அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்துதான் கூடுதலாக வந்திருக்கின்றன. நான் ஆரையம்பதிக்காரி. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் எழுதத் தொடங்கியவள். இன்றைக்கும் இந்த இரண்டு மாவட்டத்து ஊர்களைச் சுற்றித்தான் எழுதுகிறேன். ஆகவே எல்லாக் கேள்விக்கும் இங்கே நின்றுகொண்டே பதில் சொல்கிறேன்.

அக்கா, ஒரு பத்திரிகைக்குப் பிரதேச நிருபராகச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது. நான் அனுப்புவதெல்லாம் ‘வழங்கி வைத்தார்’, ‘திறந்து வைத்தார்’ செய்திதான். வேறு மாதிரி எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– இளம் நிருபர், களுவாஞ்சிக்குடி

தம்பி, அந்தக் கையளிப்புச் செய்தியிலேயே தொடங்குங்கள். அதை அனுப்புவதோடு நிறுத்தாமல் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எந்த ஊர், என்ன திகதி, என்ன பொருள், எத்தனை குடும்பத்துக்கு, யாருடைய காசு, பெயர்ப் பட்டியலை யார் தயாரித்தது. இவ்வளவும் அன்றைக்கே கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பைலைத் தேடவேண்டும் என்பார்கள். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு, கொஞ்ச மாதம் போன பிறகு பிரதம அதிதியும் பனரும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அதே ஊருக்குப் போங்கள்.

படுவான்கரையில் ஓர் ஊரில், கணவனை இழந்த பெண்களின் குடும்பங்களுக்கு முட்டைக் கோழியும் கூடும் கொடுத்தார்கள். கொடுத்த அன்று நானும் போய்ச் செய்தி எழுதினேன். 2022 நெருக்கடி நேரம் திரும்பப் போனபோது பல வீட்டில் கூட்டுக்குள் விறகு அடுக்கியிருந்தது. கோழித்தீன் விலை ஏறியதும் முட்டை விற்கிற காசு தீனுக்கே காணவில்லை என்றார்கள். விற்கக்கூடியதை விற்று, மிச்சத்தைச் சமைத்துவிட்டார்கள். ஆனால் அதே ஊரில் ஒரு பெண்ணின் வளவில் கோழிகள் நின்றன. அவர் வந்த கோழிகளை விற்றுவிட்டு ஊர்க்கோழி வாங்கியிருந்தார். அவை வளவில் மேய்ந்தன. சொந்தக்காரரின் அரிசி ஆலையிலிருந்து தவிடும் குறுநெல்லும் கிடைத்தது. பட்டியலில் இருந்த எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே நாள். ஒருவருக்கு மட்டும் ஏன் நிலைத்தது என்று கேட்டு எழுதினால் அது அடுத்த திட்டம் போடுகிறவருக்கும் உதவும், அடுத்த ஊர்ப் பெண்களுக்கும் உதவும்.

இன்னொன்று. நம்முடைய செய்திகள் தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கின்றன. கறவைப் பசு கொடுத்தது ஒரு செய்தி. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரையைப் பற்றிச் சித்தாண்டியில் 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியது வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர் குறைவு. பசு கொடுத்த இடத்தில், “இது எங்கே மேயும்? மாரியில் எங்கே கட்டுவீர்கள்? வயல் விதைத்த பிறகு மாட்டை எங்கே கொண்டு போவீர்கள்?” என்று கேளுங்கள். வெல்லாவெளிப் பக்கம் வீடோ தோட்டமோ கொடுத்தால் யானை வேலி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். நன்னீர் இயந்திரம் பூட்டினால் பில்டர் மாற்றுகிற காசு யார் தருவது, கரண்ட் பில் யாருடைய பெயரில் வரும் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பெரிய புலனாய்வு தேவையில்லை. ஊரில் வளர்ந்த ஒருவருக்குத் தோன்றவேண்டிய கேள்விகள்தான் இவை, உங்களுக்கும் தோன்றும். கூட்ட அவசரத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

பாடசாலையில் புத்தகப்பை கொடுத்தபோது என் மகளைப் பையோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அது பேஸ்புக்கிலும் ஒரு செய்தித்தளத்திலும் வந்தது, ‘வறிய மாணவி’ என்று. பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். உதவியை வாங்கிக்கொண்டு படத்துக்கு மறுக்கலாமா?
– ஒரு தாய், கிரான்

மறுக்கலாம், தங்கச்சி. பை வாங்குவதற்குப் படம் விலை அல்ல. “பிள்ளைக்குப் பை வேணும், படம் வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னதற்காகப் பையைத் திருப்பி எடுத்தால் அதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பாடசாலைக்குள் நடந்தது என்றபடியால் அதிபரிடமும் சொல்லுங்கள். அதிபர்மார் பலர் இதை விரும்புவதில்லை. கொடுக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குகிறார்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டால் அவர்களுக்கும் சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

வந்துவிட்ட படத்துக்கு, அந்தத் தளத்தின் ஆசிரியருக்குப் படத்தின் இணைப்பையும் நீங்கள் தாய் என்பதையும் குறிப்பிட்டு எழுதி, அகற்றச் சொல்லுங்கள். போனில் சொல்லவேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அச்சுப் பத்திரிகையில் வந்து, ஆசிரியரும் காதில் போடாவிட்டால் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. 2003இலிருந்து இயங்குகிறது, தமிழிலும் எழுதலாம்.

இதை வாசிக்கிற நிருபர்களுக்கும் ஒரு வார்த்தை. பையைப் படம் எடுங்கள். கொப்பிகளைப் பிரிக்கிற கைகளை எடுங்கள். வகுப்பறையைப் பின்னாலிருந்து எடுங்கள். ‘வறிய’ என்ற சொல்லைப் பிள்ளையின் முகத்துக்குக் கீழே போடாதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாளும் அதே வகுப்பில்தான் உட்காரவேண்டும். அந்தப் படம் போனில் பத்து வருடம் கழித்தும் கிடக்கும்.

எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் மலசலகூடம் கட்டியது. பாதி அரைகுறை. கணக்குக் கேட்டால், “நாங்கள் அரசாங்கம் இல்லை, உங்களுக்குக் காட்டத் தேவையில்லை” என்கிறார்கள். சரியா?
– கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பொத்துவில்

சரி இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் ‘பகிரங்க அதிகாரசபை’ என்று சொல்வதற்குள் அமைச்சு, திணைக்களம், பிரதேச சபை மட்டும் வரவில்லை. அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்கிற அரச சார்பற்ற நிறுவனமும் வருகிறது. அந்தச் சேவை சம்பந்தப்பட்ட தகவலைத்தான் கேட்கலாம். மலசலகூடம் அப்படியான சேவைதான். யாருடைய நிதியில் கட்டினார்கள் என்பதைப் பெயர்ப்பலகையில் பாருங்கள். வெளிநாட்டு அரசின் சின்னமோ சர்வதேச நிறுவனத்தின் பெயரோ இருந்தால் அதையும் படம் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள்.

எழுதுவது கஷ்டமில்லை. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ளவேண்டும். ஏற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று குறிக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாட்களுக்குள் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் எழுதலாம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் பலருடைய விண்ணப்பம் வீணாகிறது. “ஏன் பாதியில் விட்டீர்கள்?” என்று கேட்டால் விளக்கக் கடிதம் ஒன்று வரும், அதில் ஒன்றும் இருக்காது. கையில் இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். பயனாளிகளைத் தெரிவுசெய்த அளவுகோல், தெரிவுக் கூட்டத்தின் அறிக்கை, ஒரு மலசலகூடத்துக்கான மதிப்பீடு, ஒப்பந்தக்காரருடன் செய்த உடன்படிக்கையின் பிரதி, வேலை முடிந்ததாகக் கொடுத்த அறிக்கை. கடைசியில் சொன்னது முக்கியம். முடிந்ததாக யாராவது கையெழுத்து வைத்திருந்தால் அந்தக் கடதாசி ஒன்றே போதும்.

நிறுவனம் அசையாவிட்டால் பிரதேச செயலகத்திடமும் அதே ஆவணங்களைக் கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள். நிறுவனங்கள் ஊருக்குள் வேலை செய்யும்போது அங்கே திட்ட விபரம் கொடுப்பது வழக்கம். ஒரு பிரதி பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

இதே சட்டத்தின் 9ஆம் பிரிவையும் தெரிந்து வைத்திருங்கள். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேல் பெறுமதியான திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொறுப்பான அமைச்சர் அதன் விபரத்தை மக்களுக்கு அறிவிக்கவேண்டும். அவசரத் திட்டத்துக்கு ஒரு கிழமை முன். ஐந்து இலட்சம் என்பது இந்தக் காலத்தில் ஒரு சின்ன வடிகானுக்கே போய்விடும். அப்படியென்றால் ஊரில் நடக்கிற அரச வேலை பெரும்பாலானதும் இதற்குள் வருகிறது. முன்கூட்டி அறிவித்தார்களா என்று நிருபர்கள் கேட்கவேண்டும். நாங்கள் இந்தக் கேள்வியைப் போதிய அளவு கேட்பதில்லை.

என்.ஜி.ஓக்காரர் எல்லோரும் கள்ளர் என்று எங்கள் அப்பா சொல்கிறார். உங்கள் அனுபவம் என்ன?
– உயர்தர மாணவி, காரைதீவு

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கும், மகள். ஆனால் ‘எல்லோரும்’ என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் உங்களுடையது. அந்த நேரம் ஊருக்குள் வந்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், வந்த காசை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களும் இருந்தார்கள். கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் புகுந்த கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் நம் கரையோர மணலில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் அடியிலும் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறும். சில கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது அதனால்தான். பிறகு நிபுணர்கள் வந்து, அளவாக இறையுங்கள், மாரி மழை மண்ணைக் கழுவட்டும் என்றார்கள். இதில் யாரும் களவு எடுக்கவில்லை. ஊரில் தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவரை ஒரு தடவை உட்காரவைத்துக் கேட்டிருந்தால், மெதுவாக இறையுங்கள் என்று அவரே சொல்லியிருப்பார்.

களவு நடந்த இடத்தில் களவு என்று ஆதாரத்தோடு எழுதவேண்டும். கேளாமல் செய்ததைக் கேளாமல் செய்தது என்று எழுதவேண்டும். இரண்டையும் கலந்து ‘கள்ளர்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் உண்மையான கள்ளருக்குத்தான் வசதி.

நிகழ்ச்சிக்குப் போனால் வாகனம், சாப்பாடு, சில இடத்தில் காசு வைத்த கவரும் தருகிறார்கள். எங்களுக்குச் செய்திக்குக் கிடைக்கிற காசு பெட்ரோலுக்கே போதாது. வாங்கலாமா?
– ஒரு நிருபர், வாழைச்சேனை

வாகனத்தில் ஏறலாம். வாகரைக்கு அப்பால் உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் பஸ் இல்லை, எல்லோரிடமும் மோட்டார் சைக்கிளும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் வாகனத்தில் போனேன் என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். முடிந்தால் செய்தியிலும் ஒரு வரி வரட்டும். சாப்பாடு ஊரார் சாப்பிடுவதே என்றால் கூட இருந்து சாப்பிடலாம். கவர் வேண்டாம்.

அதைவிடச் சிக்கலானது ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மாதச் சம்பளத்தில் அறிக்கை எழுதிக்கொடுத்துக்கொண்டு அதே நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகையிலும் எழுதுவது. வறுமை எனக்கும் தெரியும். பகுதிநேர வேலை பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. நம் பக்கத்து நிருபர்கள் ஆசிரியராகவும் அரச உத்தியோகத்தராகவும் இருந்துகொண்டுதான் எழுதினார்கள். ஐயாத்துரை நடேசன் அப்படித்தான் அரச வேலையில் இருந்தபடி எழுதினார். 2004 மே 31ஆம் திகதி காலை வேலைக்குப் போகிற வழியில் மட்டக்களப்பு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையும் மனதுக்கு எழுத்துமாக வாழ்ந்தவர்களின் ஊர் இது. நீங்களும் வேறு வேலை பாருங்கள். ஆனால் சம்பளம் தருகிற இடத்தைப் பற்றிய செய்தியை இன்னொரு நிருபருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நுண்கடனால் கஷ்டப்படுகிற பெண்களைப் பற்றி எழுதுகிறேன். பெயரை மாற்றினால் போதும்தானே?
– பெண் எழுத்தாளர், செங்கலடி

போதாது, அன்புத் தங்கச்சி. “மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் மேசன், கோயிலுக்குப் பின் வீதி, தையல் மெசின் வைத்திருக்கிறார்” என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் ஊருக்கே ஆள் யாரென்று தெரியும். கிழமைக்குக் கிழமை கடன் வசூலிக்க வருகிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். குழுக்கடன் என்றால் மற்றப் பெண்களும் பிணை. ஒருத்தி பேசியதற்கு எல்லோரும் ஏச்சு வாங்குவார்கள். ஊர்ப் பெயரை விட்டுப் பிரதேசத்தை மட்டும் எழுதுங்கள். தொழிலை எழுதினால் குடும்ப விபரத்தை விடுங்கள். எழுதி முடித்த பிறகு அந்தப் பெண்ணுக்கே வாசித்துக் காட்டி, “இதில் உங்களை யாரும் கண்டுபிடிப்பார்களா?” என்று கேளுங்கள். அவர் எடுக்கச் சொல்கிற வரியை எடுத்துவிடுங்கள், அது உங்களுக்குப் பிடித்த வரியாக இருந்தாலும்.

கண்ணீரை மட்டும் எழுதாமல் கணக்கையும் எழுதுங்கள். எவ்வளவு கையில் வந்தது, கிழமைக்கு எவ்வளவு கட்டினார், முதல் கடனைக் கட்ட எத்தனை கடன் எடுத்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களில் அரசாங்கம் சலுகை அறிவித்தது. நீங்கள் சந்திக்கிற பெண்களில் யாருக்கு அது கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் மறுபடி கடன் எடுத்தார்களா என்று கேட்டால் அதுவே பெரிய கட்டுரை.

நுரைச்சோலை வீடுகளைப் பற்றி வருடா வருடம் டிசம்பரில் எழுதுகிறார்கள். எழுதி என்ன பயன்?
– வாசகர், அக்கரைப்பற்று

உங்கள் சலிப்பு நியாயமானது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் அக்கரைப்பற்றுப் பக்கத்து நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டினார்கள். யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கட்டி முடித்த வீடுகள் வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்து பற்றை வளர்ந்தன.

எழுதிக்கொண்டே இருந்ததால்தான் அது மறக்கப்படவில்லை. அதிகாரிகள் மாறுவார்கள், அமைச்சர்கள் மாறுவார்கள், புதிதாக வருகிறவரிடம் காட்ட அந்தப் பழைய செய்திகள்தான் இருக்கின்றன. எனக்கு ஒரு குறை உண்டு. டிசம்பர் 26க்கு மட்டும் எழுதுகிறோம், கட்டடங்களை மட்டும் படம் எடுக்கிறோம். பட்டியலில் இருந்த குடும்பங்கள் இத்தனை வருடமும் எங்கே இருந்தன, வாடகைக்கு எவ்வளவு போனது, அப்போது பிறந்த பிள்ளை இப்போது எந்த வீட்டிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது என்பதை ஜூனிலும் எழுதலாம், ஓகஸ்டிலும் எழுதலாம்.

நாங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். எந்த நிறுவனமும் இல்லாமல் சேமிப்புக் காசில் வடிகான் துப்புரவாக்கி, குளத்துக்குப் போகிற பாதையையும் திருத்தினோம். ஒரு நிருபரும் வரவில்லை. செய்தி எப்படி அனுப்புவது?
– செயலாளர், திருக்கோவில்

இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். நீங்களே எழுதி அனுப்புங்கள். எப்போது முடிவெடுத்தீர்கள், எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு செலவு, எத்தனை பேர் எத்தனை நாள் மண்வெட்டி பிடித்தீர்கள், யார் உழவு இயந்திரம் தந்தார். பிரதேச சபையிடம் முதலில் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனது இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். படம் இரண்டு போதும். பாதை முன்பு இருந்த மாதிரி ஒன்று, இப்போது இருக்கிற மாதிரி ஒன்று. முன்பு எடுத்த படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, திருத்தாமல் மிச்சமிருக்கிற பகுதியை எடுங்கள்.

மழை தொடங்கிய பிறகு அந்த வடிகானில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து இன்னொரு குறிப்பு அனுப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம். அதற்கிடையில் அடுத்த மாதக் கூட்டத்தின் திகதியைச் சொன்னால் நானே வருகிறேன். வருகைப் பதிவையும் காசுப் புத்தகத்தையும் எடுத்து வைத்திருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.